முந்நூற்றுப் பன்னிரண்டு முட்டை

தப்பு எங்கே நடந்தது என்று பவுதிலியோ பலமுறை யோசித்துப் பார்த்தார். அல்தோராவில் தோட்டத்தோடு கூடிய விடுதி ஒன்றே ஒன்றுதான். அங்கே கல்யாண விருந்து வைக்க வேண்டுமென்றால் ஒன்றரை வருடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மகள் லெய்ரே மே மாதக் கடைசிச் சனிக்கிழமையைப் பிடித்து வைத்தாள். அப்போது அல்தோரா அணி இரண்டாம் டிவிஷனில், பட்டியலின் நடுவே, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது. இது அடுத்த வருடம் முதல் டிவிஷனில் ஆடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அதன் கோல்கீப்பரே விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

ஆனால் ஏறித் தொலைத்தது. எழுபது வருடத்தில் முதல் தடவை.

பவுதிலியோ அந்த மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்கிறவர். முப்பத்தோரு வருட வேலை. ஆகஸ்ட் மாதம் பெரிய பெரிய கிளப்புகள் சொகுசு பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவர் புல்லை மேஜை விரிப்பு மாதிரி வைத்திருந்தார். அதில் எதிராளிகள் பந்தை உருட்டிக்கொண்டு போய் மூன்று, நான்கு என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அல்தோராவின் முன்வரிசை ஆள் மக்காரியோ நல்ல உயரம், நல்ல மனசு, ஆனால் ஓட வராது. பந்து ஒருபக்கம் போகும், அவன் யோசித்து முடித்துவிட்டு அந்தப் பக்கம் கிளம்புவான்.

அக்டோபரில் மழை பிடித்தது. சேற்றில் யாருக்குமே ஓட வரவில்லை. எல்லோரும் மக்காரியோ ஆனார்கள். ஆனால் அந்த வித்தையில் மக்காரியோவுக்குத்தான் இருபது வருட அனுபவம். தலைநகரத்து ஆட்டக்காரர்கள் முழங்கால் அளவு சேற்றில் விழித்துக்கொண்டு நிற்க, இவன் நிதானமாகத் தலையால் தட்டி உள்ளே போட்டான். அந்த சீசனில் அல்தோரா ஒன்பது ஆட்டம் ஜெயித்தது. அதில் ஏழு மழையில். பயிற்சியாளர் பத்திரிகைகளில் தன் வியூகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசினார். பேசட்டும், அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டாமா? ஊருக்குத் தெரியும், வியூகம் வகுத்தது மேகம்.

ஏப்ரலில் மேகம் போய்விட்டது. அல்தோரா தொடர்ந்து தோற்றது. மே மாதக் கடைசியில், ஒரே ஒரு ஆட்டம் மிச்சமிருக்கும்போது, அவர்களுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி, பின்னால் வந்துகொண்டிருந்த புவெர்தோலிவாவுக்கு முப்பத்தாறு. இருவரில் ஒருவர் கீழே இறங்கியாக வேண்டும். அல்தோரா ஜெயித்தால் கவலையில்லை. தோற்று, புவெர்தோலிவா ஜெயித்தால், கதை முடிந்தது.

கடைசிச் சுற்று ஞாயிறுதான் வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மூன்று வாரம் இருக்கும்போது லீக் அறிவித்தது: சனிக்கிழமை மாலை ஆறரை, எல்லா மைதானத்திலும் ஒரே நேரத்தில். இந்த லீக்காரர்களுக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் கிடையாது போலிருக்கிறது. லெய்ரேயின் கல்யாணம் அதே சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தேவாலயத்தில். இரண்டரைக்குத் தோட்டத்தில் விருந்து.

"பரவால்லப்பா. சாப்பிட்டுட்டு எல்லாரும் ஆட்டத்துக்குப் போங்க. முடிஞ்சதும் வந்து டான்ஸ் ஆடுங்க" என்றாள் லெய்ரே. அவள் நல்ல பெண். அதோடு விஷயம் முடிந்திருக்கும், மீன்கடை திபுர்சியோ மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

திபுர்சியோ ரசிகர் மன்றத் தலைவர். அந்தப் பக்கத்தில் கல்யாணப் பெண்கள் சாந்தா கிளாரா மடத்துக்கு ஒரு டஜன் முட்டை கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கல்யாணத்தன்று மழை வராமலிருக்கக் கன்னியாஸ்திரீகள் ஜெபம் செய்வார்கள். லெய்ரேகூடப் போன வாரம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் மதுக்கடையில் ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டே திபுர்சியோ கேட்டான்:

"ஏம்ப்பா, மழையை நிறுத்தத் தெரிஞ்சவங்களுக்கு வரவழைக்கத் தெரியாதா?"

அடுத்த மூன்று நாளில் வீட்டுக்கு ஒன்று, இரண்டு, ஆறு என்று முந்நூற்றுப் பன்னிரண்டு முட்டை சேர்ந்துவிட்டது. தன் கோழிகளைத் தவிர யாரையும் நம்பாத தபால்காரர்கூட எட்டு கொடுத்தார்.

"பவுதி, நீதான் கொண்டுபோகணும்" என்றான் திபுர்சியோ.

"டேய், அன்னைக்கு என் பொண்ணு கல்யாணம்டா."

"அதுக்குத்தான்யா சொல்றேன். சும்மா இருக்கறவன் மழை கேட்டா யார் மதிப்பா? பொண்ணு கல்யாணத்தன்னைக்கே ஒருத்தன் மழை கேக்கறான்னா, இவன் நெஜமாவே கஷ்டத்துல இருக்கான்னு மேல இருக்கறவங்களுக்குப் புரியும்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பவுதிலியோ முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். நாற்பது முகங்கள் அவரையே பார்த்தன. கீழே இறங்கினால் கிளப்பில் பாதிப் பேருக்கு வேலை போகும் என்பது அந்த நாற்பது பேருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திறந்த வாயில் பியரை ஊற்றிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கசில்தா சுருக்கமாகப் பேசினாள். "கொண்டுபோய்க் குடு. அப்படியே மடத்துலயே ஒரு ரூம் கேட்டு இருந்துக்க. இங்க வராத."

"விடும்மா" என்றாள் லெய்ரே, சிரித்துக்கொண்டு. "அப்பா என்னைக்குத்தான் வானத்தைப் பாக்காம இருந்திருக்காரு? நான் குடைக்குச் சொல்லி வெச்சுடறேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் பவுதிலியோவும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவள் சிரித்ததுதான் வலித்தது. அவள் பிறந்த அன்று பனி விழுந்ததால் அவர் மைதானத்தில் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாள், உள்ளூர் ஆட்டம். பட்டம் வாங்கிய நாள், புதுப் புல் விதைப்பு. ஒவ்வொரு தடவையும் அவள் இதே மாதிரி சிரித்துக்கொண்டு "பரவால்லப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். இருபத்தொன்பது வருடமாக அந்தப் பெண் புல்லுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை முட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மடத்துக்குப் போனார். அங்கே யாரும் முகம் காட்ட மாட்டார்கள். சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி இருக்கும். பொருளை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். பேச்சு மட்டும் மரத்தைத் தாண்டி வரும்.

"தூய மரியே வாழ்க" என்றது உள்ளிருந்து சிஸ்டர் இமெல்தாவின் குரல்.

"வாழ்க, சிஸ்டர். கொஞ்சம் முட்டை கொண்டாந்திருக்கேன்."

பெட்டி சுழன்றது. மறுபடி சுழன்றது. ஏழாவது தட்டு உள்ளே போனபோது குரல் மாறியது.

"இன்னும் இருக்கா?"

"மூணு தட்டு இருக்கு. அப்புறம் உதிரியா பன்னெண்டு."

"ஐயா, நாங்க உள்ள பதினோரு பேருதான் இருக்கோம். ஒரு டீம் கணக்கு. மாத்தாளு கூடக் கிடையாது. இவ்வளவையும் யார் சாப்பிடறது?"

"ஊரே குடுத்து அனுப்பிச்சது, சிஸ்டர்."

"சரி, என்ன வேண்டிக்கணும்? எந்த நாளு?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையா? அன்னைக்கு லெய்ரேன்னு ஒரு பொண்ணு கல்யாணம். போன வாரமே எழுதி வெச்சாச்சு, மழை வேண்டாம்னு. உங்களுக்கு?"

பவுதிலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். 'மழை வேண்டும்' என்பது இரண்டே வார்த்தை. வேனில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். மக்காரியோவை நினைத்தார், கிளப்பில் துணி துவைக்கும் பெண்களை நினைத்தார், திபுர்சியோவை நினைத்தார். தன் பெண்ணின் கல்யாணத்தில் மழை கொட்டட்டும் என்று எந்தத் தகப்பன் வாயால் கேட்பான்? இத்தனை வருடம் வாயால் கேட்காமலே அவள் நாட்களையெல்லாம் புல்லுக்குக் கொடுத்தது போதும் என்று தோன்றியது.

"எனக்கும் அதேதான், சிஸ்டர்" என்றார். "மழை வேண்டாம். ஒரு சொட்டு கூட."

"முந்நூறு முட்டைக்கா?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"வெயிலுக்கு நாங்க பொறுப்பு" என்றது குரல்.

வெளியே வந்து வேனில் ஏறினார். ஊரையே ஏமாற்றிவிட்டோம் என்ற பயம் ஒருபக்கம், மனசு லேசானது ஒருபக்கம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. அல்தோராவில் ஒருவரிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

சனிக்கிழமை வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. லெய்ரே தேவாலயப் படியில் நின்றபோது வெயில் அவள் முக்காட்டில் பட்டுத் தெறித்தது. மாப்பிள்ளை வீட்டார் தலைநகரத்துக்காரர்கள். நல்ல மனிதர்கள்தான், பந்தாட்டம் மட்டும் தெரியாது. தோட்டத்தில் ஆட்டுக்குட்டி வறுவல் பரிமாறும்போது லெய்ரே அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"பாவம்ப்பா நீங்க. உங்க மழை வரவே இல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் திபுர்சியோ எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். பவுதிலியோ ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆறரைக்கு ஆட்டம் தொடங்கியது. புல் காய்ந்து, சமமாக, அழகாக இருந்தது. எதிரணி அதில் பந்தை உருட்டி இருபது நிமிடத்தில் ஒன்று போட்டது, இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. மக்காரியோ யோசித்து முடிப்பதற்குள் ஆட்டம் மறுபக்கம் போய்விட்டது. பவுதிலியோ கோட்டோரம் மண்வெட்டியோடு நின்று வியர்த்துக் கொட்டினார். ஒவ்வொரு கோலும் தான் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

மைதானத்தில் இருந்த எல்லோர் காதிலும் வானொலி. புவெர்தோலிவா வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது, இன்னும் கோல் விழவில்லை. ஒன்று விழுந்தால் அல்தோரா காலி. சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோனது. எழுபதாவது நிமிடம் மேல்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"அங்க மழை பெய்யுதாம்."

"எங்க?"

"புவெர்தோலிவா ஆடற எடத்துல. கொட்டுதாம்யா."

அதற்குப் பிறகு யாரும் எதிரே நடந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பதினைந்தாயிரம் பேர் எழுநூறு கிலோமீட்டர் தாண்டிப் பெய்த மழையைக் காதால் பார்த்தார்கள். கடைசி நிமிடத்தில் புவெர்தோலிவாவின் ஆள் கோல்கீப்பரையும் தாண்டிப் பந்தை உதைத்தான். வலை காலி. பந்து உருண்டு, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் இருந்த குட்டையில் நின்றுவிட்டது. ஓடி வந்தவன் வழுக்கி விழுந்தான். யாரோ பந்தைத் தூக்கி வெளியே அடித்தார்கள். அறிவிப்பாளருக்குக் குரல் போய்விட்டது.

அல்தோரா இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்று, முதல் டிவிஷனில் தங்கியது. தோற்ற அணியை ஊர் தோளில் தூக்கியது. மக்காரியோவைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, அணியின் கழுத்துத் துண்டுகளோடு முழுக் கூட்டமும் விடுதித் தோட்டத்தில் புகுந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். திபுர்சியோ நாற்காலி மேல் ஏறிக் கோப்பையைத் தூக்கினான்.

"மழை வந்துச்சுய்யா. விலாசம் மட்டும் கொஞ்சம் மாறிப் போச்சு. அதைக் கேட்டது யாரு? இதோ நிக்கறாரே இவரு. பெத்த பொண்ணு கல்யாணத்தன்னைக்கே, ஊருக்காக மழை கேட்ட மனுஷன். இவரை மாதிரி ஒருத்தன் எந்த ஊர்ல இருக்கான்?"

தோட்டம் அதிர்ந்தது. பவுதிலியோவின் முதுகில் அடி மேல் அடி விழுந்தது. அவர் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மகளைத் தேடினார். லெய்ரே மேஜையருகே நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். அதே சிரிப்பு. இருபத்தொன்பது வருடச் சிரிப்பு.

சும்மா இருந்திருந்தால் அவர் பெயரில் ஒரு தெரு வைத்திருப்பார்கள். அல்தோராவில் அதெல்லாம் சுலபம். அவர் திபுர்சியோவைக் கீழே இறக்கிவிட்டுத் தானே நாற்காலியில் ஏறினார்.

"நான் மழை கேக்கல" என்றார்.

"என்னது?"

"வெயில் கேட்டேன். மடத்துல போய் நின்னேன், எனக்கு வாய் வரல. என் பொண்ணு கல்யாணம். ஒரு சொட்டு விழக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு கோல் வாங்கினதுக்கு நான்தான் காரணம். இப்ப என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க."

தபால்காரர் மெல்லக் கேட்டார், "என் எட்டு முட்டையுமா?"

"உங்க எட்டும்தான்."

திபுர்சியோவின் முகம் சிவந்தது. பிறகு மீன்கடைக்காரனின் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"இருங்கய்யா, இருங்க. இங்க பெய்ய வேண்டிய மழைதானே அது? இவரு இங்கருந்து துரத்தி விட்டாரு. துரத்தி விட்டது எங்கயாவது போய்த்தானே பெய்யணும்? இவரு மட்டும் நாங்க சொன்ன மாதிரி கேட்டிருந்தா மழை இங்க பெஞ்சிருக்கும், அங்க அவனுங்க அந்தக் கோலைப் போட்டிருப்பானுங்க."

அல்தோரா மக்கள் இதை ஒரு நிமிடம் எடை போட்டார்கள். மறுப்பதற்கு யாருக்கும் மனமில்லை. மறுபடி ஒரே ஆரவாரம். கசில்தா மட்டும் அதில் சேரவில்லை. கணவனை ஏற இறங்கப் பார்த்தாள், பெரிய ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

லெய்ரே சிரிக்கவில்லை. வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி வந்தாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. அப்பா நாற்காலியிலிருந்து இறங்கக்கூட விடவில்லை, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நெஜமாவா?"

"நெஜமா."

"ஊரு முட்டை அத்தனையுமா?"

"அத்தனையும்மா" என்றார் பவுதிலியோ. "எல்லாமே உனக்குத்தான்."