நான்கு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு; முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாரின் என்ற மலையூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் நர்ஸ் கேட்டார்:

"வீட்ல சொட்டு மருந்து விட யாரு இருக்காங்க?"

"நாய் இருக்கும்மா. பாட்டில் பிடிக்கத்தான் வராது."

நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2

அவருக்குத் தோலோன் என்று பெயர் வைத்தேன். எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மலைக்காற்றும், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சேர்ந்து, குதிரை மேய்க்கும் தோலோனின்..." (வேண்டாம். பாடப்புத்தகம்.)

"தோலோனின் இடது கண்ணில் மூன்றாவது முறையாகச் சதை வளர்ந்து..." (விஷயம் இதுதான்.)

முதல் முறை வெட்டியபோது மனைவி குல்சாரா மருந்து விட்டாள். எட்டு வருடம் சதை தலைகாட்டவில்லை. இரண்டாம் முறை அவள் உயிரோடு இல்லை. மருந்து விட ஆளில்லாமல் ஆறே மாதத்தில் சதை மறுபடி வந்துவிட்டது. இப்போது கருவிழியின் நடுவை நெருங்குகிறது.

"வெட்டிடலாம். ஆனா மருந்து ஒழுங்கா போகணும். இன்னொரு தடவ வந்துச்சுன்னா பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டரம்மா.

குதிரைக் கண்ணுக்கு மருந்து விடுவதில் தோலோன் கெட்டிக்காரர். தன் கண்ணுக்குத்தான் முடியாது. தன் கை அருகே வந்தாலே இமை இறுக மூடிக்கொள்ளும்.

3

வெட்டியாயிற்று. ஒரு மாதம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். ஆள் தேடினேன். கதை எழுதுகிறவருக்கு ஆள் பஞ்சமா? பக்கத்துக் கூடாரத்து விதவை அய்ம்கானை அனுப்பினேன்.

"ஊரு என்ன பேசும்? போய் உன் மாட்டப் பாரும்மா" என்று தோலோன் அவளைக் கதையிலிருந்தே துரத்திவிட்டார்.

மாஸ்கோவில் வேலை பார்க்கும் மகள் ஜிபெக்கை செல்போனில் வரவழைத்தேன். போனைத் தேநீர்க் கெண்டியில் சாய்த்து வைத்தார்.

"தலைய நிமித்துங்கப்பா. இன்னும். கைய கொஞ்சம் இந்தப் பக்கம்... விழுந்துச்சா?"

"விழுந்துச்சு தாயி."

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. துடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். [இங்கே நானே எழுந்து போய் மருந்து விடுவதாக எழுதினால்...]

4

முடிவு ஒன்று: கண் பிழைக்கிறது. முடிவு இரண்டு: எழுதப் பிடிக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டேன். அவருடைய மேய்ச்சல் நிலம் என் வீட்டிலிருந்து அரைநாள் வழிதான். "நான் வரட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இதையும் இப்போது உங்கள் தலையில்தான் கட்டப்போகிறேன். நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. தோலோன் கூடாரத்தில் தலையை நிமிர்த்திக் காத்திருக்கிறார். மருந்து உங்கள் கையில் இருக்கிறது. பயப்படாமல் கிட்டே போங்கள். அடுத்தவர் கை என்றால் அவர் கண் மூடாது.