இடப்பக்கம் பள்ளம் விழுந்த நாற்காலி

புருஷனும் பெண்டாட்டியுமாக ரெண்டு பெட்டியோடு கடல் தாண்டி வந்து இறங்கிய வீடு அது. கட்டிலிலிருந்து கரண்டி வரைக்கும் எல்லாம் உள்ளேயே இருந்தது. கேட்கிற உங்களுக்கே ஆசையாக இருக்கிறதல்லவா? அவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். நம் பாஷை பேசுகிறவர். இளவயதிலேயே அந்த ஊருக்கு வந்துவிட்டவர். மாடியம்மா என்றுதான் இவர்கள் கூப்பிட்டார்கள். சாவி கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “எல்லாம் என் புருஷன் பார்த்துப் பார்த்து வாங்கினது. அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. இருக்கிறது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்மா.”

நம் ஆட்களுக்கு இது போதாதா? அந்த அம்மா மனசு நோகக் கூடாதென்று ஒரு முக்காலியைக்கூட அவர்கள் நகர்த்தவில்லை. மெத்தையில் யாரோ படுத்துப் படுத்து விழுந்த குழியிலேயே புருஷன் படுத்தார். ஜன்னலோரத்து நாற்காலியில் இடப்பக்கம் ஒரு பள்ளம். அதற்குத் தக்கபடி சாய்ந்து உட்காரப் பழகிக்கொண்டார்.

“கோணலா இருக்கே, ஓரமாப் போட்டுடலாமா?” என்று அவள் கேட்டாள்.

“விடு ஊசி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். வந்தது நாமதானே?”

அவள் துணிக்கடையில் உடுப்புகளை அளவுக்குப் பிடித்துத் தைக்கிறவள், அதனால் ஊசி. அவர் கட்டுப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தார். அதனால் அவளுக்கு அவர் பல்லுக்காரர்.

மூன்றாம் மாதம் வேலையிடத்தில் அவருக்குப் புதுக் கோட்டு கொடுத்தார்கள். தோளைப் பிடித்துத் தைக்க அவள் டேப்பை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“நேரா நில்லுங்க.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

“இடது தோளு இறங்கியிருக்கு.”

“உன் டேப்புக்கு வயசாயிடுச்சு.”

பன்னிரண்டு வருஷமாக அவர் சட்டையெல்லாம் அவள் கையால் தைத்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். இது அந்த உடம்பு இல்லை. முக்கால் அங்குலம் இறக்கம். 

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மூக்குக்கண்ணாடியே போடாத மனுஷர், பேப்பரைப் பிரிக்குமுன் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். எதற்கும் ரெண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. வேலை விட்டு வந்ததும் நாலு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரானால் இருட்டும்வரை எழுந்திருப்பதில்லை.

அதே நாலு மணிக்கு, இவள் கடையில் இருக்கிற நேரத்தில், மாடியம்மாவும் தினம் டீயோடு இறங்கி வருவார். பாவம், பேச்சுத் துணைக்கு வருகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் கடையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே புருஷன் டீயை வாங்கிக்கொண்டு சொல்கிறார்: “ஏன் இவ்வளவு நேரம், சிட்டு?”

குரல் அவருடையது. பேச்சு அவருடையது இல்லை.

“பல்லுக்காரரே!”

திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளை உலுக்கினாள். மெதுவாக நிமிர்ந்து, வழி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“யாரும்மா நீ?”

அவள் மாடியம்மா பக்கம் திரும்பினாள். “சிட்டு யாரும்மா?”

“நான்தான்.” மாடியம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “அவர் ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடுவார். வேற யாருக்கும் தெரியாது.”

“எத்தனை நாளா நடக்குது?”

“ஒரு மாசமா. நான் ஒண்ணும் பண்ணலை தாயி. இறங்கி வந்தேன், உட்கார்ந்திருந்தார். எப்படிப் போகச் சொல்லுவேன்?”

“உங்களுக்கு வந்துட்டாரு. எனக்குப் போயிட்டாரேம்மா.”

 மாடியம்மா குனிந்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார். “எழுந்திருங்க. இங்க வேற குடித்தனம் வந்தாச்சு. நாம மேல போகலாம்.”

புருஷன் எழுந்தார். ரெண்டு எட்டு வைத்தார். கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாற்காலியைப் புடிம்மா அந்தப் பக்கம்,” என்றார் மாடியம்மா.

தினமும் ஒற்றைக் கையால் தூக்கிப் பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைக்கிற நாற்காலிதான் அது. அன்றைக்கு ரெண்டு பொம்பளைகள் சேர்ந்து தூக்கியும் லேசில் நகரவில்லை. ஒவ்வொரு படியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். பாதியில் அவளுக்குக் கை நழுவியது. “பார்த்தும்மா, அவருக்கு முட்டி வலி,” என்றார் மாடியம்மா. அவள் ஜாக்கிரதையாகத் தூக்கினாள்.

மேலே போனதும் மாடியம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே புருஷன் நெற்றியைத் தேய்த்தபடி நின்றிருந்தார். “என்ன ஊசி, இப்படி வேர்த்து ஊத்துது? என்னைக் கூப்பிட்டா நான் தூக்கமாட்டேனா?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.  

மாடியில் மெல்லிய பேச்சுச் சத்தம் கேட்டது. அவர் அண்ணாந்து பார்த்தார். “தனியாத்தானே இருக்காங்க? யாரோட பேசுறாங்க?”

“அவங்க பேசிக்கட்டும். நீங்க வந்து கட்டிலோட அந்த முனையைப் பிடிங்க.”

“எங்க போடப்போற?”

“எதிர்ச் சுவத்துக்கு. மெத்தையையும் திருப்பணும். அலமாரியையும் நகர்த்தணும்.”

“மாடியம்மா ஏதாவது நினைச்சுக்கப் போறாங்க.”

“நினைச்சுக்கட்டும்,” என்று அவள் கட்டிலை இழுத்தாள்.