ஒரு முழத் தூரத்தில் மகள்

கேமரா லென்ஸ் கடைக்காரரின் மகள் இடது மணிக்கட்டைச் சுற்றி 50மிமீ 1:1.8 என்ற எழுத்துகளோடு பிறந்தாள். செவிலி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. எடையைக் குறித்த கையோடு அதையும் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. லென்ஸின் முகப்பிலுள்ள பெயரைப் பார்த்தே அதன் குணத்தைப் புட்டுப் புட்டு வைக்கிறவர், பார்க்க வந்தவர்களிடமும் கடையில் பேசுவதுபோலவே பேசினார். ஒரே எண் என்றால் ஜூம் கிடையாது. நின்ற இடத்திலிருந்து எதையும் கிட்டே இழுக்க மாட்டாள், வேண்டுமென்றால் நடந்துதான் போவாள். 1.8 சின்ன எண், அதனால் வெளிச்சம் நுழையும் திறப்பு பெரியது. அரையிருட்டிலும் நன்றாகத் தெரியும். ஆட்டத்தைத் தாங்குவதற்கான எழுத்து இல்லை, ஆகவே யாரும் தூக்கிக் குலுக்கக் கூடாது. உயர்ரக வரிசைக்குப் போடுகிற தங்க வளையம் இல்லையா என்று அவருடைய அக்கா கேட்டபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. "சாதா வரிசைதான்க்கா. கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் கேக்கறதே அதத்தான்" என்றார்.

ஆனால் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. அம்மா அந்தக் கடையின் பின்னறையில் பழுதான லென்ஸ்களைப் பிரித்துத் துடைக்கிறவள், பொறுமைக்குப் பேர்போனவள். மார்போடு அணைத்துப் பாலூட்டும்போதும், கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சும்போதும் குழந்தையின் கண்கள் அவள் முகத்தில் நிலைக்காமல் அலைந்தன. கதவருகே செருப்பைக் கழற்றும் அப்பாவைக் கண்டாலோ பொக்கைவாய் கொள்ளாத சிரிப்பு. மாடிவீட்டுக்காரர், குழாய் சரிசெய்ய வந்தவர், கையெழுத்துக்காக நின்ற கூரியர்காரர் எல்லோருக்கும் அது தாராளமாகக் கிடைத்தது. அம்மா ஏங்கி ஏங்கி இன்னும் இறுக்கி அணைத்தாள், குழந்தை இன்னும் அழுதது. "பெத்தவ நான். என்ன மட்டும் ஏங்க அவளுக்குப் பிடிக்கல?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

ஒரு மதியம் குழந்தையின் மணிக்கட்டு மடிப்பைப் பிரித்துத் துடைத்தபோதுதான் உள்ளே பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டாள்: 0.45 மீ. ஏறக்குறைய ஒரு முழமான அந்தத் தூரத்துக்குள் எது வந்தாலும் மங்கலாகத்தான் தெரியும் என்பது அதற்கு அர்த்தம். விற்கிறவர் முகப்புப் பெயரோடு நின்றுவிட்டார்; எந்த லென்ஸ் வந்தாலும் இண்டு இடுக்கு விடாமல் பார்க்கிற அவளுக்கோ, பெற்ற பிள்ளையைப் பழுதுபார்க்கும் கண்ணால் பார்க்க மனம் வந்ததில்லை. குழந்தையைத் தூக்கி, கைகளை நீட்டி, ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். சின்னக் கண்கள் அலைந்து, அவள் மூக்கைத் தாண்டி, திரும்பி வந்து நின்றன. புதிதாக அறிமுகமானவரைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க, ஓடி வாங்க! என்னப் பாக்கறா!"

கை கடுக்கும்வரை அவள் இறக்கிவிடவில்லை. அதன்பின் அந்த வீட்டில் முதலில் பார்ப்பது, பிறகு அணைப்பது என்று வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலிலும், பிறகு ரயில் நிலையத்திலும் அப்படித்தான் நடந்தது. அம்மாவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் ஊரிலிருந்து வந்தால் அம்மா வாசலில் ஒரு முழம் தள்ளி நின்றுகொள்கிறாள். மகள் அவசரப்படாமல் நெற்றி, கண், புதிதாக விழுந்த சுருக்கம் எல்லாவற்றையும் பார்க்கிறாள். "பாத்துட்டேம்மா, வா" என்ற பிறகுதான் கட்டிக்கொள்கிறார்கள். பெட்டிகளோடு பின்னால் நிற்கும் மருமகன் வழிவிடச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.