தண்ணி விட்டாச்சு

புயல் கரை கடந்த மறுநாள், நெம்மேலிக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் ராணுவம் நிவாரண முகாம் போட்டது. ஆறு லாரிகள். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் இடம் அது. இரண்டே நாளில் போல்ட் தலைகள் சிவந்துவிட்டன. வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் பக்தவச்சலம், கருங்குழிக்காரர். முப்பது வருஷம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் சிவிலியன் மெக்கானிக். ரிட்டையராக மூன்று மாதம் இருந்தது. கை உதவிக்கு உள்ளூரில் எடுத்த ஆள் மோகன். நாற்பது வயது, குப்பத்துக்காரன், படகு இன்ஜின் பார்த்துப் பழகியவன்.

முதல் நாளே பக்தவச்சலம் வேலையைச் சொல்லிவிட்டார். தினமும் ஆயில் பார், பெல்ட் பார், டயரைப் பார், கடைசியாகத் தண்ணி விடு. ஒர்க்‌ஷாப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிரேக்குக்கான காற்று டேங்கின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்தால் உள்ளே சேர்ந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். விடாமல் போனால் காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். மீட்டரில் முள் நிறைந்துதான் காட்டும். இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் இருக்காது. இதையெல்லாம் அவர் விளக்கவில்லை. முப்பது வருஷத்தில் யாருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை.

தினமும் காலையில் வண்டிச் சோதனைப் படிவத்தோடு வந்து, தண்ணி விட்டாயா என்று கேட்பார்.

"உட்டாச்சு அண்ணாத்த. சும்மா பளபளன்னு கீது, வந்து பாரு."

பளபள என்ற சொல் ஒருநாள் காதில் உறுத்தியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. கையெழுத்தைப் போட்டார்.

பதின்மூன்றாம் நாள், அரிசி மூட்டை ஏற்றிய லாரி கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் நிற்கவில்லை. மாட்டுக்கு ஒரு மிதி, ஆட்டோவுக்கு ஒரு மிதி. மூன்றாவது மிதிக்குப் பெடல் சும்மா கீழே போயிற்று. பஸ்ஸுக்கு நின்றிருந்த கிராம நர்ஸ் ஷீலா நிழற்குடைக்கும் லாரிக்கும் நடுவில் செத்துப்போனாள்.

பக்தவச்சலம் வண்டிக்கு அடியில் புகுந்து வளையத்தை இழுத்தார். டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. நிற்கவே இல்லை. பக்கத்தில் குந்தியிருந்த மோகன் அதையே பார்த்தான்.

"இதுக்குள்ள தண்ணி இருக்குமா? நான் ஓஸ் போட்டு மேல அடிச்சிகினு கெடந்தேன். கடலுக்குப் போய் வந்தா இன்ஜினுக்கு நல்ல தண்ணி உடுவோமே, உப்பு போவ. நீ அதத்தான சொன்ன?"

பக்தவச்சலம் தலையைத் தூக்கி சேஸிஸைப் பார்த்தார். ஒரு மூலையில்கூட உப்பு இல்லை. இவ்வளவு சுத்தமான வண்டியை அவர் ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததில்லை.

மறுநாள் கூடாரத்தில் விசாரணை. கேப்டன் வடக்கத்திக்காரர், தமிழை இந்தியில் மாற்றிச் சொல்ல ஹவில்தார் முத்துசாமி நின்றார். வெளியே போலீஸ் ஜீப் காத்திருந்தது. தண்ணி விடச் சொன்னாரா என்று கேட்டபோது, சொன்னார் என்றான் மோகன். விட்டாயா என்றதற்கு, தினமும் விட்டேன் என்றான். கேப்டன் டேங்கிலிருந்து தண்ணீர் கொட்டும் போட்டோவைக் காட்டி, பொய் என்றார். மோகன் ஓஸைப் பற்றி, படகைப் பற்றி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். வண்டியைக் கழுவினானாம் என்று முத்துசாமி சுருக்கிவிட்டார். கழுவியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றார் கேப்டன்.

மோகன் பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு அண்ணாத்த. உனக்குத் தெரியும் இல்ல?"

ஒரு வாக்கியம் போதும். ஆனால் பன்னிரண்டு படிவத்திலும் இருப்பது அவர் கையெழுத்து. அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஜீப்பில் ஏறப்போவது யார் என்று அவருக்குத் தெரியும்.

முத்துசாமி கேட்டார். "எந்த வளையம், எப்படி இழுக்கறதுன்னு இவனுக்குக் காட்டிக் கொடுத்தீங்களா?"

"காட்டிக் கொடுத்தேன் சார்."

கேப்டன் எழுதிக்கொண்டார். மோகன் பக்தவச்சலத்திடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் முத்துசாமியிடம், வூட்டுக்கு ஒரு போன் போட்டுக்கலாமா என்று கேட்டான்.