கறுப்பு ஜன்னலைச் சாத்தியவன்

1.
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. "சிஸ்டம் மக்கர் பண்ணிடுச்சு" என்று அலுவலகத்தில் ஒருமுறை நானும் சொல்லித் தப்பித்திருக்கிறேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். அந்தக் குறுகுறுப்பு இன்னும் போகவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: 'பருத்திப்பட்டு ஏரியின்மேல் மதிய வெயில்—' வேண்டாம். ஏரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2.
குழந்தைக்காக வேலையை விட்ட கனிமொழி, ஆறு வருடம் கழித்துத் திரும்பியிருக்கிறாள். வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். இன்று மூன்று மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் செய்துகாட்ட வேண்டும்.

குழுவில் மற்ற எல்லோரும் மேக், இல்லாவிட்டால் லினக்ஸ். "இன்னும் விண்டோஸ்தானா?" என்று குழுத்தலைவன் ஸ்ரீநாத் வாராவாரம் சிரிப்பான். அவளும் சிரித்துவைப்பாள். அந்த லேப்டாப் கணவன் செங்கல்வராயன் வாங்கிக் கொடுத்தது. பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவன், அவளைக் கேட்காமலே வாங்கி வந்து, திரையில் அவள் படத்தையும் வைத்துக் கொடுத்தான். அந்த லேப்டாப்பை மாற்ற அவளுக்கு மனசே வரவில்லை.*

* இதை எழுதுவதும் விண்டோஸில்தான். 'மறுபடி தொடங்கட்டுமா' என்று இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டது.

3.
பன்னிரண்டு மணிக்கு அவள் லேப்டாப் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, பழைய தகவல்களை மூன்று மணிக்குக் காட்டவேண்டிய புதிய மென்பொருளுக்குள் ஏற்றும் வேலையை ஓடவிட்டாள். இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஜன்னலை மூடினால் வேலை நின்றுவிடும், பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது, துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

செங்கல்வராயன் சாப்பிட வந்தான். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் பொறுக்காதவன். லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தான், கொதித்தது. கறுப்பு ஜன்னலை மூடினான்.

(அவனை முட்டாளாக்கிவிட்டேனோ? மூன்று முறை திருத்தினேன். அவள் பொருள் வீணாகச் சூடாகக் கூடாது என்று நினைத்தான், அவ்வளவுதான்.)

"யாரும் பாக்காம அதும்பாட்டுக்கு ஓடிகினு கீது கனி. சாத்திட்டேன்" என்றான் பெருமையாக.

4.
முதல் பிரதியில் அவள் கத்தினாள். அந்த வரியை அடித்துவிட்டேன். "நீ மறுபடி வேலைக்குப் போ, ஊட்ட நான் பாத்துக்கிறேன்" என்று ஆறு வருடமாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

"இன்னா, தப்பா எதுனா பண்ட்டனா?"

"ஒன்னுமில்ல. நீ சாப்புடு."

5.
மூன்று மணி. "கனிமொழி, ரெடியா?" என்கிறான் ஸ்ரீநாத், லேப்டாப் திரையிலிருந்து.

'சிஸ்டம் மக்கர்' என்றால் அத்தனை பேரும் நம்புவார்கள். "அப்பவே சொன்னேனே, அதைத் தூக்கிப் போடுங்க" என்பான் ஸ்ரீநாத். 'வீட்டுக்காரர் மூடிட்டார்' என்றால் அது உண்மை. 'நானே தெரியாம மூடிட்டேன்' என்றால் வேலையே போகலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் மாட்டிக்கொண்டேன். அது ஒற்றை அறை வீடு. மனைவி ஆபீஸ் ஆட்களிடம் பேசுவதைக் கேட்க வேண்டுமென்று, சவாரியை விட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு செங்கல்வராயன் அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் மைக்கைத் திறந்துவிட்டாள். அவள் சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், அவனுக்கும் கேட்கும்.