மார்ஷ்வெல் கல்லறையின் குறட்டை

பாராளுமன்றத்தார் தங்கள் அரசரின் தலையை வெட்டியதற்கு மறு ஆண்டு, ஆப்பிள் பறித்து முடித்த வாரத்தில், மார்ஷ்வெல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்கள் குறட்டை விடத் தொடங்கினார்கள். அதே வாரம் கம்பளி விலையும் இறங்கியதால், எதை முதலில் பேசுவது என்று சந்தையில் குழப்பமாக இருந்தது. ஒபதியா திரப்புக்கு மட்டும் இதில் வியப்பில்லை. அவர் கூரை வேய்கிறவர். செத்தவர்களின் ஆத்துமா சொர்க்கத்துக்கோ நரகத்துக்கோ போவதில்லை, உடம்போடு மண்ணிலேயே தூங்குகிறது, கர்த்தர் கூப்பிடும் நாளில்தான் விழிக்கும் என்று அடுத்தவர் வீட்டுக் கூரைகளின் மேல் உட்கார்ந்து பல வருடங்களாகப் பிரசங்கம் செய்துவந்தார். பாதி வேய்ந்த கூரையோடு அவரை விரட்ட முடியாது என்பதால் வீட்டுக்காரர்கள் சகித்துக் கேட்டார்கள். பாதிரியார் ஹாலோவே அதை தேவதுரோகம் என்றார். ஒபதியாவின் மனைவி தாமசின், "மொதல்ல கீழ இறங்கி கஞ்சியக் குடிங்க, அப்புறம் துரோகம் பண்ணலாம்" என்றாள்.

ஊரார் அவரவர் வீட்டு ஆட்களின் குழிகளைத் தேடிப் போய்க் காது கொடுத்தார்கள். மாவு ஆலைக்காரரின் குறட்டையில் உடைந்த பல் விசிலடித்தது. வேலித் தகராறில் முகம் பாராமலே செத்த இரண்டு சகோதரர்கள் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினார்கள். பால் கறக்கும் அவிஸ் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் குழந்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்தது. பரலோகத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லி, மதிலுக்கு வெளியே, காஞ்சொறிச் செடிகளின் நடுவே புதைக்க வைத்திருந்தார் பாதிரியார்.

ஒரு காலையில் அவள் ஒபதியாவின் ஏணிக்கு அடியில் வந்து நின்றாள்.

"அண்ணே, கூட வர்றீங்களா? போய் ஒண்ணுமே கேக்கலைன்னா?"

ஒபதியா கையிலிருந்த வைக்கோலை வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். அன்றுதான் தன் கொள்கையை நினைத்து முதல்முறையாகப் பயந்தார். இருவரும் காஞ்சொறியை விலக்கி மண்ணில் காதை வைத்தார்கள். வெகுநேரம் காற்றுதான் கேட்டது. பிறகு பூனைக்குட்டியின் மூச்சு போல ஒன்று, நின்று நின்று வந்தது.

"மூக்கடைச்சிருக்கு," என்றாள் அவிஸ். "பொறந்தன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு." தன் சால்வையை எடுத்து மண்ணின்மேல் விரித்து, நான்கு மூலைகளையும் கையால் நீவிவிட்டாள். ஒபதியா முகத்தைத் திருப்பிக்கொண்டு செடியின் சுணை பட்ட கையைச் சொறிந்துகொண்டிருந்தார். கையை விடக் கண்தான் அதிகம் சிவந்திருந்தது.

பாதிரியாரின் புகாரின்பேரில் நகரத்து நீதிபதி வந்து, கல்லறைத் தோட்டத்திலேயே விசாரணை வைத்தார். சாட்சிகள் பேசுவது குறட்டையில் காதில் விழவில்லை.

"யோவ், முதல்ல இந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லு!" என்று அவர் ஒபதியாவைப் பார்த்துக் கத்தினார்.

"எழுப்புறது என் வேலை இல்லீங்க ஐயா. அதுக்கு மேல ஒருத்தர் இருக்காரு."

ஆத்துமா தூங்கும் என்று சொல்வது சட்டப்படி குற்றம். சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதாக நீதிபதி சொன்னார். ஒபதியா அவிஸைப் பார்த்தார். பிறகு, சொன்னது சொன்னதுதான் என்றார். சிறையிலிருந்து சில வருடங்கள் கழித்து இருமலோடு திரும்பினார். அந்தப் பனிக்காலத்திலேயே இறந்தார். அதற்குள் ஊர் பழகியிருந்தது. தேவாலய மணியின் நாக்கில் துணி சுற்றி அடித்தார்கள். பிள்ளைகள் மதிலோரம் வந்தால் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். ஒபதியாவுக்கு மதிலுக்கு உள்ளேயே இடம் கொடுத்தார் பாதிரியார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒபதியாவின் குழியிலிருந்து சத்தமே வரவில்லை. ஊர் கலங்கிப்போனது. பாதிரியார்கூட, தொப்பி விழுந்துவிட்டதுபோல் குனிந்து, காதை வைத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"என்னம்மா இது?" என்று தாமசினிடம் மெதுவாகக் கேட்டார்.

"புது எடம்னா அவருக்குத் தூக்கம் வராதுங்க. கல்யாணமான புதுசுல எங்கப்பா வீட்டுல கண்ணைத் தொறந்துக்கிட்டே கெடந்தாரு. கொஞ்சம் பொறுங்க."

ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், ஒரு மதிய வேளையில், பார வண்டி பாலத்தில் ஏறுவதுபோல அது தொடங்கியது. தாமசின் சிறிது நேரம் நின்று கேட்டாள். வேலை நாள் என்பதால் மற்றவர்கள் அதிக நேரம் நிற்கவில்லை.