மூன்று முறை திரும்பியது

விற்பனைப் பிரிவில் இருக்கும் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். “தபால்காரம்மா, ஒரு கஸ்டமர் போன்ல வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாரு. நாலு மெயில் போட்டாராம். நாலும் சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பிடுச்சாம். என்னன்னு பாருங்களேன்.”

அந்த அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அதுதான் பெயர். தண்ணீர் பம்பு தயாரிக்கும் நிறுவனம். அங்கே முந்நூறு பேருக்கு மின்னஞ்சல் வருவதும் போவதும் அவள் பொறுப்பு. எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஒன்று திரும்பி வந்தால் போதும், மாடிப்படியில் ஆள் மேல் ஆளாக வந்துவிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. திரும்பி வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, முகவரியில் எழுத்துப் பிழையா, பெட்டி நிரம்பிவிட்டதா, வழியில் ஏதாவது சர்வர் படுத்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது அவளுக்குப் பிடித்த வேலை.

வாடிக்கையாளர் வேறு முகவரியிலிருந்து அனுப்பியிருந்த நகலைத் திறந்தாள். “இந்த இடத்திலிருந்து வரும் கடிதங்கள் இங்கே ஏற்கப்படாது. மீண்டும் அனுப்ப வேண்டாம்” என்றிருந்தது. மேலே தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அவளே எழுதிய வாசகம்.

எட்டு மாதத்துக்கு முன்னால், சின்ன இணைய நிறுவனம் ஒன்றின் அஞ்சல் பெட்டிகளுக்குள் யாரோ புகுந்து, ஒரே மதியத்தில் பதினோராயிரம் குப்பைக் கடிதங்களை இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள். வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது கணினிகள் வைரஸ் தாக்கி முடங்கின. அன்று வந்த ஆத்திரத்தில் அந்த நிறுவனத்தின் பெயரோடு வரும் எல்லா முகவரிகளுக்கும் சேர்த்துக் கதவை அடைத்தாள். சர்வர் வழக்கமாகத் தரும் புரியாத எண்கள் போதாதென்று அந்த இரண்டு வரிகளையும் எழுதிச் சேர்த்தாள். மேலதிகாரி படித்துவிட்டு, “நல்லா நறுக்குனு இருக்கு” என்று சிரித்தார். ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அடியோடு மறந்து போனாள்.

தடையை நீக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இப்படி இன்னும் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ என்று பதிவுகளைத் திறந்து தேடினாள். பெரும்பாலும் குப்பைதான். நடுவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வெல்டிங் பட்டறை, வேலை கேட்டு எழுதிய யாரோ ஒருவர் என்று உண்மையான ஆட்களைப் பொறுக்கித் தனியே எழுதிக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றாள்.

அண்ணனின் முகவரி. பல வருடங்களுக்கு முன் அதே இணைய நிறுவனத்தில் அவளே அவனுக்காகத் தொடங்கிக் கொடுத்தது. அனுப்பப்பட்டது அவளுக்கு. ஏற்கப்படவில்லை. ஒன்பது நாள் கழித்து இன்னொரு முறை. அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து மூன்றாவது முறை, பிற்பகல் மூன்று பன்னிரண்டுக்கு. அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. உள்ளே என்ன எழுதியிருந்தான் என்று பார்க்க வழியில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் கடிதத்தை சர்வர் வாங்குவதில்லை. யார், யாருக்கு, எப்போது என்பது மட்டுமே மிஞ்சும்.

ஐந்து வருடமாக அவர்களுக்குள் பேச்சில்லை. அப்பா தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது அவள் வேறு ஊரில் இருந்தாள். ரயில் தாமதமாகி, அவள் வந்து சேர்வதற்கு நான்கு மணி நேரம் முன்பே மூச்சுக் கருவியை எடுக்கச் சொல்லி அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, “எனக்காக நாலு மணி நேரம் வெச்சிருக்க முடியலையா? நீதான் அவர கொன்னுட்ட” என்று கத்தினாள். அவன் கையிலிருந்த அப்பாவின் செருப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான். அதன் பிறகு அவள் தொலைபேசி எண்ணை மாற்றினாள், உறவுக்காரர்கள் ஒருவருக்கும் புது எண்ணைக் கொடுக்கவில்லை. அவனுக்கு மிஞ்சியது நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கிடந்த அவளுடைய அலுவலக முகவரி ஒன்றுதான்.

அவன் எண்ணைப் போனிலிருந்து அழித்திருந்தாளே தவிர, விரல்களுக்கு மனப்பாடமாக இருந்தது. அண்ணிதான் எடுத்தாள்.

“அண்ணன் இல்லையா, அண்ணி?”

“இல்லம்மா.” பிறகு, அந்தச் சொல் போதாது என்று தோன்றியதுபோல, “போய் நாப்பத்தோரு நாள் ஆச்சு” என்றாள்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிரே விற்பனைப் பிரிவுப் பெண் என்னவோ கேட்டாள். காதில் விழவில்லை.

“எனக்கு ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? இனிமே அனுப்பாதேன்னு நீயே எழுதிட்டியே. அதுக்கு மேல உன் வாசல்ல வந்து நிக்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?” அண்ணியின் குரலில் கோபம் இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே போனாள். நடந்தது எப்படி என்று விளக்கினால் யாருக்கும் புரியும். தவறான முகவரிகளை எத்தனை மேலதிகாரிகளுக்கு விளக்கியிருக்கிறாள்.

அண்ணி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். இளைத்திருந்தாள். அண்ணனுடைய மூக்குக்கண்ணாடி கணினி மேசைமேல் மடக்காமல் கிடந்தது.

“அது அண்ணனுக்காக எழுதினது இல்ல, அண்ணி. சத்தியமா. அந்தக் கம்பெனிலேர்ந்து யார் அனுப்பினாலும் தானா அந்தப் பதில் போகும். அவன் அனுப்பினதே எனக்கு நேத்துதான் தெரியும்.”

அண்ணி கேட்டுக்கொண்டே டம்ளரின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

“தானா போகும்னா, அந்த வார்த்தைய யார் எழுதி வெச்சது?”

பேருந்தில் ஓட்டிப் பார்த்ததில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

“நான்தான்.”

“அவரும் அதான் சொன்னாரு. ‘இது மிஷின் எழுதினது இல்ல, என் தங்கச்சி எழுதினது, அவ கோவம் எனக்குத் தெரியாதா’ன்னு சிரிச்சாரு. சிரிச்சிட்டு ஒம்பது நாள் கழிச்சு மறுபடியும் அனுப்பினாரு.”

அவள் அப்போதுதான் அழுதாள். அண்ணி அருகில் வரவில்லை, எழுந்து போகவும் இல்லை. அழுகை ஓயும்வரை ஜன்னலைப் பார்த்தபடி இருந்துவிட்டு, கணினியைப் போட்டு, திரும்பி வந்த மூன்றையும் காட்டினாள்.

முதல் கடிதத்தில் நான்கு வரிதான். ஈரலில் கட்டி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது, பயப்படாதே, சும்மா தெரிவிக்கிறேன். இரண்டாவது கொஞ்சம் நீளம். ‘அப்பாவுக்குச் செய்தது போல எனக்கும் செய்யும் நிலை வந்தால், நீ வந்து சேரும்வரை எதையும் எடுக்கக் கூடாதென்று உன் அண்ணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவசரமில்லாமல் வா.’ அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டு நாள்” என்றாள் அண்ணி. “டாக்டர் திட்டினாரு. ரெண்டு நாளும் வாசலையே பாத்துட்டு இருந்தேன்.”

மூன்றாவது கடிதத்தில் எழுத்தே இல்லை. ஒரு ஒலிப்பதிவு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது.

“கையில பலம் இல்ல, அடிக்க முடியலன்னு பேசிப் பதிவு பண்ணாரு. என்னை வெளிய போகச் சொல்லிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. எனக்கு அனுப்பினது இல்லையே.”

“இப்ப கேக்கலாமா, அண்ணி? ரெண்டு பேரும்?”

அண்ணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவள் ஒலிப்பதிவை அழுத்தினாள். முதலில் மூச்சு வாங்கும் சத்தம். எதுவோ உரசும் சத்தம். பிறகு, தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியின் இரைச்சலுக்குள் அமுங்கிப் போகிற அளவுக்கு மெலிந்த குரலில் ஏதோ ஒரு சொல்.

“என்ன சொல்றாரு?” என்றாள் அண்ணி.

“தெரியல. இருங்க.” பதிவை நிறுத்தினாள்.

அண்ணி எழுந்து போய் மின்விசிறியை அணைத்தாள். அது உடனே நிற்கவில்லை. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. முழுக்க அடங்கட்டும் என்று இருவரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள்.